உண்டியும் உள்ளமும்

நுழையும்முன்

உடல்நலத்திற்கு உணவே அடிப்படை என்பதை எல்லோரும் ஏற்பர். உள்ளத்தின் நலத்திலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்னும் பரவலாக உணரப்படவில்லை. வளரிளம் பருவத்தினரின் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் காரணம் தேடுவோர் பாடச்சுமையை எண்ணுகின்றனர், அலைபேசியை எண்ணுகின்றனர். அவர்கள் காலையில் என்ன உண்டனர் என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியைத் தமிழ்நாட்டின் பள்ளி உணவு வரலாற்றோடு இணைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

ஏரிக்கரை ஊரின் மாறிய காலை

சென்னையின் தென்புறநகரில் உள்ள கீழ்க்கட்டளை, ஏரியை நம்பி வாழ்ந்த ஊர். அவ்வேரி நிறைந்து வழியும் நீர் நாராயணபுரம் ஏரியைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சென்றடையும். வயல்கள் இருந்த இடங்களில் இப்பொழுது அடுக்ககங்கள் எழுந்துள்ளன. பல்லாவரம் நகராட்சியின் பகுதியாக இருந்த இவ்வூர், 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ஆரச்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. மேற்கே சென்றால் புறநகர் மின்தொடர் வண்டி; கிழக்கே சென்றால் பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள். இரு திசைகளிலும் வேலைக்கு விரைவோரின் வீடுகள் நிறைந்த ஊராகக் கீழ்க்கட்டளை மாறியிருக்கிறது.

ஊர் மாறும்போது அடுப்பு எரியும் நேரமும் மாறுகிறது. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில் காலைச் சமையல் கடிகாரத்தோடு நடத்தும் போட்டியாகிறது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு விடியற்காலையிலேயே தனிப்பயிற்சி வகுப்பு. அது முடிந்ததும் பள்ளியின் சிறப்பு வகுப்பு. இரண்டிற்கும் இடையே இட்லியை உண்ண நேரமில்லாமல் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவாகின்றன. நண்பகலில் ஆறிப்போன சோறு. மாலையில் கடைத்தெருவின் பப்ஸ் அல்லது பஜ்ஜி. இரவு வெகுநேரம் கழித்துப் பரோட்டாவோ வறுத்த சோறோ. கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் எனத் தொடரும் இப்புறநகரின் பல வீடுகளில் இதுவே நாள்முறை. தமிழ்நாட்டின் ஏனைய நகரங்களுக்கும் இது புதிதன்று. வேறு சில வீடுகளிலோ நேரத்தோடு பணமும் குறைவு; அங்குக் காலை உணவு என்பதே சில நாள்களில் இராது.

இவ்வாறு உண்ணும் மாணவர் வகுப்பில் சோர்ந்திருந்தால் அவரைச் சோம்பேறி என்கின்றனர். சிறு சொல்லுக்கும் சினந்தால் அடங்காதவர் என்கின்றனர். அவரது குணத்தைக் குறித்துத் தீர்ப்பு வழங்குவதற்கு முன் அவரது தட்டைப் பார்ப்பதே முறையாகும்.

மூளையின் பசி

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. ஆயினும், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. தசைகளும் கல்லீரலும் சர்க்கரையைச் சேமித்துவைப்பதுபோல மூளையால் சேமித்துவைக்க இயலாது. குருதி கொண்டுவரும் குளுக்கோசை நம்பியே அது இயங்குகிறது.

இரவு எட்டு மணிக்கு உண்டவர் மறுநாள் நண்பகலில்தான் அடுத்த உணவை உண்கிறார் எனில், இடைவெளி பதினாறு மணி நேரம். அவ்வளவு நேரமும் குருதிச் சர்க்கரையின் அளவு குறையாமல் காக்கும் பணியில் அட்ரினலின், கார்டிசால் முதலிய இயக்குநீர்கள் ஈடுபடுகின்றன. அச்சத்தின்போதும் பதற்றத்தின்போதும் சுரப்பவையும் இவைதாம். வெறும் வயிற்றோடு தேர்வு எழுதுபவருக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பாடத்தைப் பற்றிய அச்சத்தால் மட்டும் விளைவன அல்ல.

மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருள்களும் உணவின் வழியே உருவாகின்றன. செரட்டோனின் என்னும் பொருளை உடல் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஆக்கிக்கொள்கிறது. முட்டை, பால், நிலக்கடலை, எள், பருப்பு ஆகியவற்றில் அது கிடைக்கிறது. ஊக்கத்தோடும் ஆர்வத்தோடும் தொடர்புடைய டோபமின் உருவாவதற்கு இரும்புச்சத்து தேவை. நரம்புகளின் நலத்திற்குப் பி12 உயிர்ச்சத்தும், கீரைகளில் மிகுந்துள்ள ஃபோலேட்டும் இன்றியமையாதவை. தேநீரும் பிஸ்கட்டும் வயிற்றின் பசியைச் சற்றுநேரம் அடக்கும். மேற்கண்ட தேவைகளில் எதையும் அவை போதிய அளவில் நிறைவு செய்வதில்லை.

வளரிளம் பருவத்தில் இத்தேவை இருமடங்கு முதன்மை பெறுகிறது. எலும்பும் தசையும் விரைந்து வளரும் அதே ஆண்டுகளில் மூளையும் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. உணர்ச்சியை ஆளவும் விளைவை எண்ணிப் பார்க்கவும் உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பிறகே முழுமையடைகிறது. கட்டுமானம் நடைபெறும் காலத்தில் செங்கல்லைக் குறைத்தால் வீட்டின் நிலை என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டிற்கு உள்ளாகின்றனர் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. மனநலக் குறைபாடுகள் தலைகாட்டும் வயதும், உடல் மிகுதியான ஊட்டத்தைக் கேட்கும் வயதும் ஒன்றாகவே அமைந்துள்ளன.

பசி மனத்தை மாற்றும் விதம்

பசி மனிதரின் இயல்பையே மாற்றிவிடும் என்பதைத் தமிழ்மரபு நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை, பசியைப் பிணி என்றே குறிக்கிறது. அது குடிப்பெருமையையும் கல்வியையும் நாணத்தையும் ஒருவரிடமிருந்து பறித்துவிடும் என்கிறது அக்காப்பியம். பசியால் அழிவனவற்றை அடுக்கும்போது உடலின் மெலிவோடு நின்றுவிடாமல் கல்வியையும் நாணத்தையும் புலவர் சேர்த்திருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வொன்று இவ்வுண்மையை அளந்து காட்டியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக்கொண்டு ஓர் ஆய்வை நடத்தினார். அனைவரும் உடல்நலமும் மனநலமும் வாய்ந்தவர்கள். தாமே முன்வந்து பங்கேற்றவர்கள். போரால் பட்டினியுற்ற மக்களை மீட்பது எவ்வாறு என்று அறிவதே ஆய்வின் நோக்கம். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அவர்களுக்குக் குறைந்த உணவே தரப்பட்டது.

உடல் மெலிந்தது எதிர்பார்த்ததே. உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றங்களே ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தின. கலகலப்பாகப் பழகியவர்கள் ஒதுங்கினர். நகைச்சுவை உணர்வு மறைந்தது. எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. படிப்பிலும் நட்பிலும் நாட்டம் குன்றியது. நாள் முழுவதும் உணவைப் பற்றியே எண்ணினர். சிலர் சமையல் குறிப்புகளைத் திரட்டத் தொடங்கினர். மீண்டும் உணவு வழங்கப்பட்டபோதும் மனம் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்கும் காலம் தேவைப்பட்டது.

இந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள். அவர்கள் அடைந்த பட்டினி கடுமையானது. ஒருவேளை உணவைத் தவிர்க்கும் மாணவரின் நிலை அதற்கு இணையாகாது. ஆனால், குணக்கேடு என்று கருதப்படும் பல இயல்புகள் உணவுக்குறைவால் தோன்றக்கூடும் என்பதற்கு அது மறுக்கவியலாத சான்று.

குருதியில் குறையும் இரும்பு

வயிறு நிறைந்திருந்தும் உடல் பசித்திருப்பது உண்டு. சத்துக்குறைவு என்பது அத்தகைய மறைபசி. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் குருதிச்சோகை உள்ளது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் அந்நிலையில் உள்ளனர்.

குருதிச்சோகையின் அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். களைப்பு, கவனமின்மை, எரிச்சல், எதிலும் ஈடுபாடின்மை, உறக்கச் சிக்கல் ஆகியவை குருதிச்சோகையிலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவது எளிது. படிப்பில் பின்தங்கும் மாணவிக்கு அறிவுரை கூறுவதற்கு முன் அவரது குருதியைப் பரிசோதித்துப் பார்ப்பது பயனுடையது.

இக்குறைக்கு வீட்டு வழக்கமும் ஒரு காரணம். எல்லோருக்கும் பரிமாறியபின் எஞ்சியதைப் பெண்கள் உண்ணும் முறை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாதவிடாயால் இரும்பை இழக்கும் உடலுக்கே குறைந்த பங்கு கிடைக்கிறது. உணவோடு தேநீர் அருந்தும் பழக்கம், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. முருங்கைக்கீரையோடும் பருப்போடும் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் அவ்வேற்பு மிகுகிறது. இது செலவு மிகுந்த மாற்றமன்று, அறிந்திருந்தால் போதும்.

சான்றின் வலிமையும் எல்லையும்

உணவைத் திருத்தினால் மனம் தேறுமா என்ற வினாவிற்கு விடைகாணும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்னும் ஆய்வாளர் தலைமையில் நடைபெற்று 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு. மனச்சோர்வுற்ற 67 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரங்கள் உணவு வழிகாட்டுதல் அளிக்கப்பட்டது: காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டவும் இனிப்பையும் பொரித்தவற்றையும் குறைக்கவும் அவர்கள் கற்றனர். மற்றப் பிரிவினருக்கு அதே கால அளவில் உரையாடித் துணையிருப்போர் அமர்த்தப்பட்டனர். முடிவில் முதற்பிரிவில் 32 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 8 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர்.

இம்முடிவு நம்பிக்கை தருவது. எனினும், பங்கேற்றோர் தொகை சிறிது. அவர்கள் வயது வந்தோர். எப்பிரிவில் இருக்கிறோம் என்பதை அறிந்தே பங்கேற்றவர்கள். ஆகவே இதனை உறுதியான தீர்ப்பாகக் கொள்வதைவிட வலிமையான அடையாளமாகக் கொள்வதே அறிவியல் நோக்காகும்.

மற்றொன்றையும் கருத்தில் கொள்ளவேண்டும். உணவுக்கும் மனத்திற்கும் இடையிலான பாதை இருவழிப் பாதை. போதிய உணவின்மை மனத்தைச் சோர்வடையச் செய்வதுபோல, சோர்ந்த மனமும் உணவை வெறுக்கும். அல்லது அளவின்றி உண்ணத் தூண்டும். நாள்தோறும் உணவுப்பெட்டியைத் திறக்காமலே வீட்டிற்கு எடுத்துச்செல்லும் தோழி, உணவின்மீது வெறுப்பால் மட்டும் அவ்வாறு செய்கிறாள் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அவளிடம் பரிவோடு ஒரு சொல் கேட்பது நண்பரின் கடமை.

உணவே மருந்து என்னும் முதுமொழி தமிழர் நாவில் வழங்குகிறது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி, உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியே பேசுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் அமைந்துள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அம்மரபின் வழிவந்த மருத்துவத்தைக் கற்பித்து வருகிறது. ஆயினும், ஆழ்ந்த மனச்சோர்வுற்ற ஒருவரிடம் நன்றாக உண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவது அவரைத் தனிமைப்படுத்தும் செயல். உணவு மருத்துவத்திற்குத் துணை. மருத்துவருக்கு மாற்று ஆகாது.

தெரிந்து தெளிவோம்

டெலி மானஸ் என்னும் தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையை இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

திரை காட்டும் உடல்

உண்பதற்கு உணவிருந்தும் உண்ண அஞ்சுவோர் உள்ளனர். அவ்வச்சத்தைத் தோற்றுவிப்பதில் திரைக்கும் பங்குண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதிக்கு 1995ஆம் ஆண்டுதான் தொலைக்காட்சி வந்தது. நிறைந்த உடலை அழகு என்று போற்றிய சமூகம் அது. அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த சமயத்திலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள பள்ளி மாணவியரின் உணவு மனப்பான்மையை ஆராய்ந்தார். உணவுக் கோளாற்றைக் காட்டும் மதிப்பெண் பெற்றோர் 1995இல் ஏறத்தாழ 13 விழுக்காடு. 1998இல் 29 விழுக்காடு.

ஊருக்கு ஒரு தொலைக்காட்சி செய்த வேலையை இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள அலைபேசி செய்கிறது. செப்பனிட்ட படங்களில் தோன்றும் உடலைக் கண்டு தம் உடலை வெறுக்கும் மாணவியர் உணவைக் குறைக்கின்றனர். தசைத்திரட்சியை விரும்பும் மாணவர் விளம்பரம் கூறும் மாவுகளை நாடுகின்றனர். தோழர்களின் கேலியும் உறவினரின் ‘குண்டாகிவிட்டாயே’ என்னும் விசாரிப்பும் அத்தீயில் எண்ணெய் வார்க்கின்றன. விளையாட்டாகச் சொல்லப்படும் அச்சொல் ஒருவரைப் பல மாதங்கள் தட்டின்முன் அஞ்சவைக்கக்கூடும்.

இரவுப் படிப்பிற்காக அருந்தும் ஊக்கப் பானங்களும் இங்குக் கருதத்தக்கவை. அவற்றிலுள்ள காஃபின் உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது; பதற்றத்தை மிகுவிக்கிறது. குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்னும் எச்சரிக்கையை அவற்றின் புட்டிமேல் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. அவ்வெழுத்தின் சிறுமையால் அது கண்ணில் படுவதில்லை.

பந்தி முடியும் வகுப்பு

பசித்த வயிற்றோடு கல்வி கற்க இயலாது என்பதை உணர்ந்து செயல்பட்டதில் தமிழ்நாடு இந்தியாவிற்கே வழிகாட்டி. 1920ஆம் ஆண்டு சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மிகாமல் செலவிடத் தீர்மானிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் மீண்டும் மலர்ந்தது. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984ஆம் ஆண்டு அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. 1989ஆம் ஆண்டு கருணாநிதி ஆட்சிக்காலத்தில் சத்துணவில் முட்டை சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1956ஆம் ஆண்டு முதல், ஆட்சிகள் மாறினாலும் அடுப்பு அணையாமல் காத்த மாநிலம் என்னும் பெருமை தமிழ்நாட்டிற்கு உரியது.

இப்பெருமைக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் காலடி வைக்கும் மாணவருக்கு இரண்டும் இல்லை.

அவ்வகுப்பில்தான் பாடங்கள் கடினமாகின்றன. எதிர்காலம் குறித்த கவலை தொடங்குகிறது. உயர்கல்விக்கான போட்டி கண்முன் நிற்கிறது. மனத்தின் சுமை ஏறும் ஆண்டிலேயே தட்டு விலக்கப்படுகிறது. மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவரும் பதினோராம் வகுப்பு மாணவரும் ஒரே வளாகத்தில் பயில்கின்றனர். தம்பி பந்தியில் அமரும்போது அண்ணன் குழாயடிக்குச் செல்ல நேர்கிறது. சமையற்கூடம் அங்கேயே உள்ளது, பணியாளர் உள்ளனர், உலை கொதிக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்க்கு வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. அதனை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டல் உண்டாகும். பதினோராம் வகுப்பு மாணவிக்கு மாத்திரை கிடைக்கிறது. அதற்கு முன் உண்ணவேண்டிய உணவு பள்ளியில் கிடைப்பதில்லை. அதே வகுப்பில் அரசு மிதிவண்டி வழங்குகிறது. பள்ளிக்கு வரும் வழியைப் பற்றி அக்கறை கொண்ட அரசு, வந்து சேர்ந்தவரின் வயிற்றைப் பற்றியும் எண்ண வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

பதினாறு வயதினர் தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்வர் என்பது முதல் மறுப்பு. தம் உணவைத் தேர்ந்தெடுக்க அவர்களால் இயலும். ஆனால் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாத சமையலறையில் அத்திறனால் பயனில்லை. சத்துணவு பெறும் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் குடும்ப வருமானம், அவர் பதினோராம் வகுப்பிற்குச் சென்றுவிட்டதனால் உயர்ந்துவிடுவதில்லை.

பிள்ளைக்கு உணவளிப்பது பெற்றோர் கடமை என்பது இரண்டாவது மறுப்பு. அது மெய்யே. எனினும், விடியலில் கிளம்பி இரவில் திரும்பும் பெற்றோர் கடமை தவறியவர்கள் அல்லர். நகரின் நேரம் அவர்களைப் பிழிந்தெடுக்கிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு தந்தபோது பெற்றோரின் பொறுப்பு குறைந்துவிட்டது என்று எவரும் வருந்தவில்லை.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. இலவச உணவை வளரிளம் பருவத்தினர் வெட்கத்தால் மறுப்பர் என்பர். ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தால் அவ்வெட்கம் உண்மையாகிவிடும். பள்ளியில் பயிலும் அனைவர்க்கும் பொதுவாக வழங்கினால் அது தோன்றாது. கட்டணமில்லாப் பேருந்து அட்டையை வைத்திருக்க எந்த மாணவரும் நாணுவதில்லை. எல்லோரிடமும் அஃது இருப்பதே காரணம்.

செலவு என்பது இறுதி மறுப்பு. செலவு உண்டு என்பதில் ஐயமில்லை. கவனிக்கப்படாத மனநலக் குறைபாட்டின் செலவும் உண்டு. இடைநின்ற படிப்பு, இழந்த வேலை, நெடுநாள் மருத்துவம் என அது பல குடும்பங்களின் கணக்கில் சிதறிக்கிடப்பதால் அரசின் ஏட்டில் தெரிவதில்லை.

செய்யத்தக்கவை

மேல்நிலை வகுப்புகளுக்கும் பள்ளி உணவை நீட்டிப்பது அரசு செய்யத்தக்கது. ஒரே ஆண்டில் எல்லாம் இயலாவிடில், சிறப்பு வகுப்பு நடைபெறும் பள்ளிகளில் காலையில் சுண்டல் அல்லது வேகவைத்த நிலக்கடலையிலிருந்து தொடங்கலாம். பெரிய திட்டங்கள் பலவும் சிறிய அடுப்பில் தொடங்கியவையே.

பள்ளிகள் செய்யத்தக்கது, நேரத்தை மீட்டுத்தருவது. உணவு இடைவேளையில் தேர்வு வைப்பதும் குறிப்பெழுதச் சொல்வதும் தவிர்க்கப்பட வேண்டும். சிறப்பு வகுப்பிற்கும் முதல் பாடவேளைக்கும் இடையே இருபது நிமிடங்கள் உண்பதற்கென ஒதுக்கப்பட வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளியிலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவிற்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டு விதி வகுத்துள்ளது. அவ்விதியைத் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் நடைமுறைப்படுத்தலாம். அங்குக் கடை வைத்துப் பிழைப்போரை விரட்டுவதைவிட, அவர்களையே அவித்த கடலையும் கொய்யாவும் மோரும் விற்கச் செய்வது அறமும் ஆகும்; பயனும் தரும்.

வீடுகளில் செய்யத்தக்கவை எளியவை. முந்தைய நாள் சோற்றில் நீரூற்றி வைத்துத் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் காலை உணவு ஆயிற்று. விடியலில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. ஒரு முட்டை, ஒரு பிடி வறுத்த கடலை, ஒரு வாழைப்பழம் ஆகியவை பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையிலும் உண்ணத்தக்கவை. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் பரிமாறுவதற்குச் செலவே இல்லை. வாரத்தில் சில வேளைகளாவது குடும்பத்தினர் அலைபேசியை ஒதுக்கிவைத்து ஒன்றாக அமர்ந்து உண்டால், தட்டில் உள்ளது வயிற்றிற்கும் பேச்சு மனத்திற்கும் சென்றுசேரும்.

மாணவர் செய்யத்தக்கவையும் உண்டு. பரோட்டாவைக் குற்றமாக எண்ணி வருந்தத் தேவையில்லை; என்றேனும் உண்ணும் ஒரு வேளை எவரையும் கெடுத்துவிடாது. நாள்தோறும் தொடரும் பழக்கமே உடலையும் மனத்தையும் உருவாக்குகிறது. தோழரின் உடலைக் கேலி செய்யாதிருப்பதும், உண்ணாதிருப்பவரைத் தம்மோடு அமர்த்தி உணவைப் பகிர்வதும் எந்த மருத்துவராலும் எழுதித்தர இயலாத மருந்துகள்.

சோர்ந்திருக்கும் மாணவருக்கு அறிவுரை ஏராளமாகக் கிடைக்கிறது. அவருக்கு முதலில் வேண்டுவது வேளைக்கு உணவும், அதை உண்ண நேரமும், உண்டாயா என்று கேட்கும் ஒருவருமே. ஐந்து வயதுக் குழந்தைக்கு இம்மூன்றையும் தருவதைத் தன் கடமையாக ஏற்ற சமூகம், பதினாறு வயதினருக்கும் அதனை ஏற்றாக வேண்டும். ஆயிரம் விளக்கில் தொடங்கிய பந்தி இன்னும் இரண்டு வகுப்புகள் நீள வேண்டியிருக்கிறது.